அண்ணன் படித்த வேதியியலும் அதற்குக் கணக்குக் கேட்டவர்களும்

எங்கள் அண்ணன் காலமாகி இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றித் தங்கை என்ற முறையில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். நல்லபடியாக நாலு வார்த்தை எழுது என்றார். அண்ணனைப் பற்றி நல்லபடியாக எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இந்த மலரை வாங்கிப் படிக்கப்போகிற எல்லாரைப் பற்றியும் அப்படி எழுத என்னால் முடியாது. அண்ணியிடம் இதைச் சொன்னேன். உன் இஷ்டப்படி எழுது என்று சொல்லிவிட்டார்.

நம் உறவில் எந்தக் கல்யாணப் பந்தலுக்குப் போனாலும், எந்தக் காதுகுத்துக்குப் போனாலும், அண்ணன் வந்து உட்கார்ந்ததும் ஒரு பேச்சு எழும். இவனைக் கெமிஸ்ட்ரி படிக்க வைத்த காசுக்கு ஒரு லாரியில் பாதி வாங்கியிருக்கலாம் என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருவர் போர்வெல் வண்டியில் ஒரு பங்கு என்பார். அண்ணன் சிரித்துக்கொண்டு கேட்டிருப்பார். வருஷக்கணக்காகக் கேட்டிருந்தார். ஒரே ஒரு தடவை தவிர அவர் பதில் சொன்னதில்லை. இனி அவர் சொல்லப்போவதும் இல்லை என்பதால் நான் சொல்கிறேன்.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பாவுக்குக் கிணற்றோடு ஒரு தோட்டமும், மழையை நம்பி விதைக்கிற கொஞ்சம் காடும் இருந்தன. அண்ணன் தலைமகன். அவருக்குப் பின் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. வெகுநாள் கழித்து நான் பிறந்தேன். அதனால் அண்ணன் எனக்கு அண்ணனாக மட்டும் இருக்கவில்லை. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்.

அவருக்கு வேதியியலில் ஆசை எப்படி வந்தது என்று கேட்டால் மயில்துத்தத்தைச் சொல்வார். தக்காளிச் செடிக்கு நோய் வந்தால் அப்பா மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார். ஒரு நாள் அவசரத்தில் மயில்துத்தத்தை இரும்பு வாளியில் கரைத்துவிட்டார்கள். கொட்டிப் பார்த்தால் வாளியின் உட்புறம் செம்பு பூசியதுபோல் ஆகிவிட்டது. வாளி கெட்டுப்போனது என்று அம்மா வைதார். அண்ணனோ அந்த வாளியை விடவில்லை. இதில் செம்பு எங்கிருந்து வந்தது என்று கண்ணில் பட்டவர்களை எல்லாம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. செம்பு மயில்துத்தத்துக்குள்ளேயே இருந்தது என்ற விடை உயர்நிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் கிடைத்ததாம். அன்றே இந்தப் படிப்புதான் என்று முடிவு செய்துவிட்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் பள்ளியிறுதியான பதினொன்றாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். சேலத்தில் புகுமுக வகுப்பு சேர்ந்தார். அங்கே பாடமெல்லாம் இங்கிலீஷில் நடந்ததால் மதிப்பெண் இறங்கிவிட்டது. அரசுக் கல்லூரியில் பட்டப்படிப்புக்கு வேதியியல் கேட்டார். வரலாறு கொடுத்தார்கள். அப்பா, அதையே படி சாமி, எதைப் படித்தாலும் படிப்புதானே என்றார். அண்ணனும் அரைமனதாகச் சரி என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பெரியப்பா வந்தார்.

பெரியப்பா அப்பாவின் உடன்பிறந்த அண்ணன். சங்ககிரியில் லாரி வைத்திருந்தவர். மேட்டூர் ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு லோடு ஏற்றி இறக்கியவர் என்பதால் இந்த விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. கெமிஸ்ட்ரி படித்தவனை மேட்டூரில் கேட்டிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகிறார்கள் என்றார். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது, அங்கே எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், நன்கொடை கட்டினால் சீட்டு உறுதி என்றார். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று அப்பா கேட்டார். தோட்டத்தை எனக்குக் கொடு, வெளி ஆளுக்குப் போகாமல் நம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று அதற்கும் பெரியப்பாவே வழி சொன்னார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டு வாசல் வரை வந்து, அதைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்று சொன்னதை அம்மா தன் காதால் கேட்டிருக்கிறார். அம்மா அன்றைக்கு அப்பாவிடம் சண்டை போட்டார். "கிணத்தை வித்துப்போட்டுத் தண்ணிக்கு எங்கத்த போறதுங்க? விக்கறதுதான் விக்கறீங்க, கூடக் குடுக்கறவங்களுக்குக் குடுங்க" என்றார். அப்பா சொன்ன பதில் இவ்வளவுதான்: "அண்ணன் கேட்டுப்போட்டாங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

தோட்டம் போனது. மிஞ்சியது சோளமும் நிலக்கடலையும் விளைகிற மானாவாரிக் காடு மட்டும். இதெல்லாம் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

அந்தக் கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவர்களுக்கு விளம்பரம் ஆகிவிடும். வாசலில் பெரிய வளைவு, உள்ளே நிறுவனருக்குச் சிலை, சிலையைச் சுற்றிப் பூச்செடி. ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் வராத குழாய்கள். ஒரு அளவுக்குழாயை நான்கு பேர் பங்குபோட்டுக்கொண்டு பரிசோதனை செய்ய வேண்டும். உடைந்தால் நான்கு பேரிடமும் முழு விலை வாங்குவார்களாம். உடையாவிட்டாலும் உடைசல் கட்டணம் என்று வருஷா வருஷம் தனியாக ஒன்று உண்டு. முதல் வருஷம் கட்டிய நன்கொடை போதாதென்று கடைசி வருஷம் கட்டடநிதி என்று கேட்டார்கள். கட்டாதவர்களுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு இல்லை. அப்பா பால்மாட்டை ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தார். அந்த நிதியில் எந்தக் கட்டடமும் எழுந்ததை அண்ணன் பார்க்கவில்லை.

படிப்புச் சொல்லிக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கே ஒழுங்காகச் சம்பளம் வரவில்லை என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். விடுதியில் மற்ற பையன்கள் ஊருக்குப் போன விடுமுறையிலும் அவர் அங்கேயே தங்கி, புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே படித்தார். முதல் வகுப்பில் தேறினார். அந்த முதல் வகுப்பு அவருடைய உழைப்பு. அதில் அந்தக் கல்லூரிக்குப் பங்கு கிடையாது.

பட்டம் வாங்கிக்கொண்டு மேட்டூர் போனார். கேட்டில் அவரைப்போலவே பட்டத்தோடு வந்தவர்கள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போக யாரும் வரவில்லை. பெரியப்பாவிடம் ஒரு சிபாரிசு கேட்கப் போனார். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் மாறிப் போய்விட்டார்கள், இப்போது எனக்கு ஆள் இல்லை என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அண்ணன் திரும்பி வந்தார். அதன் பிறகு எங்கெங்கோ அலைந்தார். சாயப்பட்டறையில் கேட்டார், காகித ஆலையில் கேட்டார். கடைசியில் ராசிபுரம் போகிற வழியில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை கிடைத்தது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்து மாவாக்கி, வெளுத்துக் காயவைத்து, நூலுக்குக் கஞ்சி போட வடக்கே துணி மில்களுக்கு அனுப்புகிற ஆலை. மாவைச் சோதித்துக் கையெழுத்துப் போட ஒரு பட்டதாரி வேண்டும் என்று மில்காரர்கள் கேட்டதால் முதலாளி ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

சம்பளம் லாரி டிரைவரின் சம்பளத்துக்கும் கீழே. டிரைவருக்காவது படி உண்டு, இவருக்கு அதுவும் இல்லை. சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் போக மிஞ்சியதை மாதா மாதம் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுப்பார்.

சரி, கணக்குக் கேட்டவர்களுக்கு இப்போது கணக்கைச் சொல்கிறேன். அண்ணன் மிச்சம் பிடித்த காசில் அந்தத் தோட்டத்தைத் திரும்ப வாங்க வேண்டுமானால் அவர் தள்ளாத வயது வரை உழைத்திருக்க வேண்டும். அதற்குள் தோட்டத்தின் விலையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பெரியப்பா திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியைக் கொண்டுவந்து அங்கே ஆழமாகத் துளை போட்டார். தண்ணீர் பொங்கியது. மஞ்சளும் கரும்பும் விளைந்தன. அந்த வெள்ளாமையில் இரண்டாவது லாரி வந்தது. ஆகவே வேதியியல் பட்டத்தால் வருமானம் வந்ததா என்றால், வந்தது. அண்ணனுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் படித்தது நட்டம் என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். அரசுக் கல்லூரியில் வரலாறு படித்திருந்தால் கிணறாவது மிஞ்சியிருக்கும். ஆனால் நட்டம் என்று சொல்கிற உரிமை நட்டப்பட்டவர்களுக்குத்தான் உண்டு. குடம் தூக்கிக்கொண்டு அடுத்தவர் கிணற்றுக்கு நடந்த அம்மா சொல்லலாம். மாட்டை விற்றுவிட்டு வெறுங்கயிற்றோடு வந்த அப்பா சொல்லலாம். அதே படிப்பால் தோட்டம் வாங்கியவர், பந்தலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அண்ணன் ஒரே ஒரு தடவை பதில் சொன்னார் என்றேன். அது பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்தது.

நாமக்கல் பக்கத்தில் ஓர் ஊர். பெண்ணின் அப்பா நாணயமான விவசாயி, மூன்று பெண்களைப் பெற்றவர். எங்கள் பக்கம் பேச்சுவார்த்தைக்குப் பெரியவர் என்று பெரியப்பாவைத்தான் அழைத்துப் போயிருந்தோம். அம்மாவும் நானும் பெண்களோடு உள்பக்கம் உட்கார்ந்திருந்தோம். பெண்ணை எல்லாருக்கும் பிடித்திருந்தது. காப்பி கொடுத்து முடிந்ததும் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, மாப்பிள்ளை பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, தனியார் கல்லூரியில் பெருந்தொகை கட்டிப் படிக்க வைத்திருக்கிறோம் என்று ஆரம்பித்தார். நகை, சீர் என்று அடுக்கிவிட்டு, இதெல்லாம் போகப் படிக்க வைத்த செலவில் பாதியாவது நீங்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று ஒரு தொகையைச் சொன்னார். அந்தத் தொகையை நான் இங்கே எழுத மாட்டேன். அதைக் கேட்டதும் பெண்ணின் அம்மா சுவரில் சாய்ந்துவிட்டார்.

பெண்ணின் அப்பா தரையைப் பார்த்தபடி, ரோட்டோரத்துக் காடு ஒன்று இருக்கிறது, அதை விற்றுத்தான் பார்க்க வேண்டும், கொஞ்சம் தவணை கொடுங்கள் என்றார்.

அண்ணன் எழுந்து நின்றார்.

"விக்காதீங்க மாமா. எங்கப்பா ஒருக்கா வித்தாங்க, அதுவே போதும். நான் மாவு மில்லுல டெஸ்ட் பண்றேனுங்க. லாரி டிரைவர் வாங்கறதவிடக் கம்மியாத்தான் வாங்கறேன். இந்தப் படிப்புக்கு நீங்க ஒரு காடு குடுக்கறது தப்புங்க. எனக்கு வேண்டாம்."

பெரியப்பா முகம் கறுத்துவிட்டது. பெரியவங்க பேசற எடத்துல உனக்கென்ன பேச்சு, உட்காருடா என்றார். படிக்க வைத்த காசு சும்மா வந்ததா, அது திரும்பி வர வேண்டாமா என்று சத்தம் போட்டார்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். மரியாதை குறையாமல்தான் சொன்னார்.

"எங்க தோட்டம் உங்ககிட்டத்தானுங்க இருக்குது பெரீப்பா. படிச்ச செலவு திரும்பி வரோணும்னா அங்கிருந்து வரட்டும்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சமைத்து வைத்திருந்ததை யாரும் சாப்பிடவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். அம்மா மட்டும் அண்ணனின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

சம்பந்தம் முறிந்தது என்றுதான் நினைத்தோம். ஒரு வாரம் போயிருக்கும். பெண்ணின் அப்பா யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி, விசாரித்துக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்கே போய்விட்டார். அண்ணன் வேலை செய்கிற இடத்தைப் பார்த்தார். அண்ணன் கொண்டுபோயிருந்த தூக்குச் சோற்றில் பாதியை வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்ட தன் மகள், கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். இது நடந்த பல வருஷத்துக்குப் பிறகு அண்ணியிடம் எதைப் பார்த்துச் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன். "சம்பளத்தைக் கொறைச்சுச் சொன்ன மாப்ளைய நான் அதுக்கு முன்னால கேள்விப்பட்டதே இல்ல அம்மிணி" என்றார்.

திருச்செங்கோடு மலையில் கல்யாணம் நடந்தது. ஒரு பொட்டு ரொக்கம் வாங்கவில்லை. பெரியப்பா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவர்கள் வராததால் பங்காளிகளில் பலரும் வரவில்லை. வராதவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்கும் நினைவிருக்கும்.

அடுத்தது என் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது நானும் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றேன். ஒருத்தனைப் படிக்க வைத்து வாரிக்கொண்டது போதாதா, பொட்டப்பிள்ளையையும் அனுப்புகிறாயா என்று பெரியப்பா வழியில் நிறுத்தி அப்பாவைக் கேட்டார். அப்பா தயங்கினார். அண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து என்னைச் சேலத்துக்குக் கூட்டிப் போனார். அரசுக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கினோம். நான் வேதியியல் எழுதப் போனேன். அவர் படித்ததையே படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அண்ணன் வேண்டாம் என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். வணிகவியல் எழுதச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் படிப்பு அவ்வளவு மோசமா, படித்ததற்கு வருத்தப்படுகிறீர்களா என்று கேட்டேன்.

"படிப்பு நல்ல படிப்பு அம்மிணி. வாங்குன கடைதான் சரியில்ல" என்றார்.

பிறகு பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போது, மேட்டூர் வேப்பமரத்தடியில் உன்னை உட்கார வைக்க என்னால் முடியாது என்றும் சொன்னார். வணிகவியல் படித்தேன். மூன்று வருஷமும் கட்டணம் அண்ணன் கட்டினார். இன்று கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். எனக்குக் கட்டிய கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்தக் கல்லூரியின் ஒரு வருஷத்து உடைசல் கட்டணத்துக்குப் பக்கத்தில்தான் வரும். இதையும் சேர்த்து எடைபோட்டுப் பாருங்கள்.

அந்த மூன்றெழுத்துப் பட்டம் அண்ணனுக்கு ஒன்றுமே செய்யவில்லையா என்றால், ஒரு காரியம் செய்தது. அதை அண்ணன் எங்களிடம் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தச் சமயம் ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்ததால் அண்ணி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

ஆலையில் மாவை வெளுக்கிற தொட்டிகள் கதவடைத்த கொட்டகைக்குள் இருந்தன. வெளுப்புத்தூளும் ஆசிடும் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கிற ஒரு வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, மேலே எழும்பாமல் தரையோடு தங்கும் என்பார் அண்ணன். குனிந்து மாவைக் கிளறுகிற பெண்கள் அதைத்தான் நாள் முழுக்கச் சுவாசித்தார்கள். தொட்டிகளை வெளியே திறந்த வெளிக்கு மாற்றுங்கள் என்று அண்ணன் முதலாளியிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். வெளியே வைத்தால் மாவில் தூசி விழும், வெள்ளை குறையும் என்று முதலாளி தட்டிக் கழித்தார். ஒரு நாள் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் தொட்டியோரத்திலேயே மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அண்ணன் அதற்குப் பிறகு சோதனைச் சீட்டு எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பட்டதாரியின் கையெழுத்து இல்லாமல் மில்காரர்கள் மூட்டையை இறக்க மாட்டார்கள். பாரம் ஏற்றிய லாரி ஆலை வாசலிலேயே நின்றது.

முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு ஆட்கள் எல்லாருக்கும் முன்னால் திட்டினார். உன் படிப்புக்கு இந்த ஜில்லாவில் வேறு எவன் வேலை கொடுப்பான் என்று கேட்டார்.

"யாரும் குடுக்க மாட்டாங்க, தெரியுமுங்க" என்றாராம் அண்ணன். "பேருக்குப் பின்னால போட்டுக்கற மூணு எழுத்துத்தானுங்க எங்கப்பா தோட்டத்தை வித்து எனக்கு வாங்கிக் குடுத்தது. அதை எதுல போடறது, எதுல போடக்கூடாதுன்னு நாந்தான் பார்க்கோணும்."

லாரி நின்றுகொண்டே இருந்தது. வேறு பட்டதாரியைத் தேடி முதலாளி சேலத்துக்கு ஆள் அனுப்பினார். வந்தவர் ஒருவர் சம்பளத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கடைசியில் முதலாளி கொத்தனாரைக் கூப்பிட்டார். தொட்டிகள் வெளியே வந்தன. மேலே கீற்றுப்பந்தல் மட்டும் போட்டார்கள். மாவின் வெள்ளை ஒன்றும் குறையவில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் அவருக்குச் சம்பள உயர்வு இல்லை.

அந்த ஆலையின் பெண்கள் வெளிக்காற்றில் நின்று வேலை செய்வது எத்தனை ரூபாய் பெறும் என்று எனக்குத் தெரியாது. வங்கியில் வேலை பார்த்தும் தெரியவில்லை. லாரியிலும் போர்வெல்லிலும் விலை போடப் பழகியவர்கள் யாராவது போட்டுப் பார்க்கட்டும்.

அண்ணனுக்கு அது காலம் கடந்து நடந்தது. அந்தக் கொட்டகையில் மற்றவர்களைவிட அதிக நேரம் நின்றவர் அவர். இருமல் வந்தது, போகவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. சேலத்து மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அண்ணியைக் கோபித்துக்கொண்டார். முதலாளி ஒரு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். போகும்போது ஆய்வறைச் சாவி எங்கே இருக்கிறது என்று அண்ணியிடம் மெதுவாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பெரியப்பாவும் வந்தார். இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறாரே என்று நான் எழுந்து நாற்காலியை விட்டேன். உட்கார்ந்தார். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரரிடம் திரும்பி, "கெமிஸ்ட்ரி படிச்சவனுங்க. அவன் நெஞ்சுக்குள்ள என்ன போச்சுன்னு அவனுக்கே தெரியல பாருங்க" என்றார். சிரிக்கவும் செய்தார்.

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அண்ணன் கையைக் காட்டினார். மூச்சு வாங்கிவிட்டு, "பெரீப்பாவுக்குக் காப்பி வாங்கிக் குடு அம்மிணி. அத்தனை தூரம் பஸ்ஸுல வந்திருக்காங்க" என்றார்.

வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் சொன்னதற்காகக் கொடுத்தேன். இன்று வரை அது எனக்கு ஆறவில்லை. அண்ணனுடைய குணம் அது, எனக்கு அந்தக் குணம் வரவில்லை. அவர் எல்லாரையும் மன்னித்துவிட்டுப் போனார் என்று இறுதிச்சடங்கில் ஒருவர் பேசினார். அது அவருக்கும் உங்களுக்கும் உள்ள விவகாரம். அவர் சார்பில் மன்னிக்கிற அதிகாரத்தை அவர் என்னிடம் விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. ஒரு விடியற்காலையில், அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அது ஒன்றுதான் எங்களுக்கு ஆறுதல்.

உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பது முறை. முறைப்படியே சொல்கிறேன்.

ரத்தம் தேவைப்பட்டபோது கேட்காமலே வந்து படுத்த ஆலையின் மூட்டை தூக்குகிறவர்களுக்கு நன்றி. ஒரு நாள் கூலியைச் சேர்த்துக் கொண்டுவந்து அண்ணி வாங்க மறுத்தும் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போன தொட்டிப் பெண்களுக்கு நன்றி. அவர்களில் அன்றைக்கு மயங்கி விழுந்தவரும் ஒருவர். கட்டணத்தில் பாதியை வேண்டாம் என்று சொன்ன மருத்துவருக்கு நன்றி. மகளையும் பேரப்பிள்ளைகளையும் தன் வீட்டோடு அழைத்துப் போய் வைத்துக்கொண்டிருக்கும் அண்ணியின் அப்பாவுக்கு நன்றி என்பது சின்ன வார்த்தை. அன்று அவர் விற்காத காட்டில்தான் இன்று என் அண்ணன் பிள்ளைகளுக்குச் சோறு விளைகிறது. அதை விற்க விடாமல் தடுத்தது அண்ணன் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்றைக்கு வந்திருக்கிற எல்லாருக்கும் பந்தியில் இலை உண்டு. பெரியப்பாவுக்கும் உண்டு, பெரியப்பா வீட்டாருக்கும் உண்டு. கல்யாணத்துக்கு வராதவர்களுக்கும் உண்டு. அம்மா அப்படித்தான் சொல்லியிருக்கிறார், அதன்படியே சமைத்திருக்கிறது. வயிறாரச் சாப்பிட்டுப் போங்கள். பருப்பைப் பற்றிப் பேசுங்கள், மழையைப் பற்றிப் பேசுங்கள், லாரி வாடகையைப் பற்றியும் தாராளமாகப் பேசுங்கள். அண்ணன் படித்த படிப்பு லாபமா நட்டமா என்று மட்டும் இன்று யாரும் வாயெடுக்க வேண்டாம். பரிமாற ஆட்கள் வேறு இருக்கிறார்கள். நான் பந்திக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருப்பேன். அந்தப் பேச்சை எடுக்கிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவர் முன்னால் இருக்கிற இலையை நானே எடுத்துவிடுவேன்.